அவள் குளியல் ஓடினாள்

ஏழாவது படிக்கும் என் அக்கா மகன் ஆங்கில வீட்டுப்பாடத்தில் ஒரு வரியில் சிக்கிக்கொண்டான். ‘ஷி ரேன் எ பாத்.’ நோட்டில் பென்சிலால் ‘அவள் ஒரு குளியல் ஓடினாள்’ என்று எழுதியிருந்தான். எழுதியதை அழித்து, வேறொன்றும் தோன்றாமல் மறுபடி அதையே எழுதி, திரும்பவும் அழித்ததில் காகிதம் அந்த இடத்தில் மட்டும் நைந்து போயிருந்தது.

“குளியல எப்படி மாமா ஓட முடியும்?”

குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் ஓடும் அல்லவா, குளிக்கிற தொட்டியில் அப்படி நிரப்பினாள் என்று அர்த்தம் என்றேன். அவன் நம்பிய மாதிரி தெரியவில்லை. அதே பயிற்சியில் இன்னும் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ஒருவர் ஹோட்டலை ‘ரன்’ பண்ணுகிறார். ஒரு வேலி வயலோரமாக ‘ரன்’ ஆகிறது. ஒரு சிவப்புத் துணியின் சாயம் ‘ரன்’ ஆகிவிட்டது. “எல்லாமே ஓடிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பையன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அவன் மாட்டிக்கொண்டது சாதாரணச் சொல்லிடம் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதப் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்கும் காலம். 2011-இல் வேலை முடிந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’னுக்கு 645 பொருள்கள் தேறின. பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ தனிக் கணக்கு.

அதுவரை அதிகப் பொருளுள்ள சொல் என்ற பட்டம் ‘செட்’ என்ற இன்னொரு மூன்றெழுத்துச் சொல்லிடம் இருந்தது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430-க்கு மேல் பொருள்கள். அந்தப் பதிவு மட்டுமே சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவு. அகராதியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிய சைமன் வின்செஸ்டர், ஓரிடத்தில் வைப்பதைக் குறிக்கும் ‘செட்’டை ‘ரன்’ முந்தியது ஓய்வில்லாத நம் காலத்தின் அடையாளம் என்று எழுதினார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது ‘செட்’ புதிய பதிப்புக்காகத் திருத்தப்படவே இல்லை. புதிதாக அளந்ததையும் பழைய அளவையும் பக்கத்தில் வைத்துக் காலத்தின் குணத்தைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது போகட்டும்.

இந்த மாதிரிச் சொற்கள் அகராதிக்காரர்களை வாட்டுவது புதிதல்ல. 1755-இல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் முன்னுரையிலேயே புலம்பியிருக்கிறார். அவரைப் படுத்தியவை புரியாத லத்தீன் சொற்கள் அல்ல. கெட், கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக், டேக் போன்ற, கைக்குழந்தைகூடச் சொல்லும் சொற்கள். ‘டேக்’ ஒன்றுக்கே 134 பொருள் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை உருவாக்கிய ஜேம்ஸ் மர்ரேயும் தோட்டத்தில் போட்ட இரும்புத் தகரக் கொட்டகைக்குள் இதே மாதிரிச் சொற்களோடுதான் மல்லுக்கட்டினார். உலகம் முழுவதிலிருந்தும் தன்னார்வலர்கள் தாங்கள் படித்த நூல்களில் கண்ட வரிகளைச் சீட்டில் எழுதி அவருக்கு அனுப்பினார்கள். வந்து குவிந்த சீட்டுகள் சுமார் 50 லட்சம். தபால் தாங்காமல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டி வைக்கும்படி ஆயிற்று. அது இன்றும் அங்கேயே நிற்கிறது.

வேலை நடக்கும் விதம் எளிது: சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒரே மாதிரி பயன்பாடு உள்ளவற்றை ஒரு குவியலாக்க வேண்டும். எத்தனை குவியலோ அத்தனை பொருள். தகராறு எங்கே வரும் என்றால், ‘வண்டி ஓடுகிறது’ என்ற சீட்டும் ‘கடிகாரம் ஓடுகிறது’ என்ற சீட்டும் ஒரே குவியலா, இரண்டா? ஒன்று இடம் விட்டு இடம் போகிறது, மற்றது சுவரிலேயே தொங்குகிறது. இரண்டு என்று ஒருவர் சொல்வார், இரண்டுமே இயந்திரம்தானே என்று இன்னொருவர் ஒன்றாகச் சேர்ப்பார். 645 என்பது மரத்தில் காய் எண்ணுவது போன்ற கணக்கு இல்லை. மேகத்தை எண்ணுவது மாதிரி. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை எண்ணுகிறவர்தான் முடிவு செய்கிறார். அதனால்தான் கையடக்க அகராதி அதே சொல்லைச் சில பத்துப் பொருளில் முடித்துவிடுகிறது.

இதில் ஆங்கிலத்துக்கு ஒரு பழங்கணக்கும் உண்டு. தமிழில் ‘ஓடு’ வேறு, ‘ஓட்டு’ வேறு. மாடு ஓடுகிறது, நான் மாட்டை ஓட்டுகிறேன். தானாக நடப்பதற்கு ஒரு சொல், நடக்க வைப்பதற்கு ஒரு சொல். ஆடு, ஆட்டு, உருள், உருட்டு என்று நம் மொழி முழுக்க இந்த இரட்டைகள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருந்தது. தானாக ஓடுவதற்கு ‘இர்னன்’, ஓட வைப்பதற்கு ‘ஏர்னன்’. வைக்கிங்குகள் வந்து குடியேறியபோது அவர்கள் கொண்டுவந்த ‘ரின்னா’, ‘ரென்னா’ இரண்டும் இவற்றோடு கலந்தன. கலந்து, தேய்ந்து, கடைசியில் நான்கும் சேர்ந்து ‘ரன்’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன. குதிரை ஓடினாலும் ‘ரன்’, குதிரையை ஓட்டினாலும் ‘ரன்’. நம் அகராதி இரண்டு பதிவாகப் பிரித்துப் போடும் சுமையை அங்கே ஒரே சொல் தலையில் தூக்குகிறது. 645-இல் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஜெர்மன் மொழி அந்த ஜோடியை இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது. அங்கே ‘ரென்னென்’ என்றால் காலால் ஓடுவது. ‘ரின்னென்’ என்றால் நீர் வழிந்தோடுவது. ‘ரன்’ பிறவியிலேயே காலுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது இதிலிருந்து தெரியும். பழைய ஆங்கிலத்திலேயே மனிதரும் மிருகமும் ஓடிய சொல்லில்தான் ஆறும் ஓடியது, ரத்தமும் ஓடியது. கால் முதலில் வந்தது, தண்ணீருக்கு அதை உவமையாகக் கடன் கொடுத்தார்கள் என்று நாம் நினைப்போம். அப்படிச் சொல்ல எழுத்துச் சான்றில் இடமில்லை. இரண்டும் கூடவே வருகின்றன. பாலாடைக்கட்டி செய்யக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளுக்கு ஆங்கிலத்தில் ‘ரென்னெட்’ என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பம்தான். திரவமாகப் பரந்து கிடந்த பாலை ஒன்றாக ஓடிச் சேர வைப்பது என்று அர்த்தம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரும் சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் நடந்தது. வடக்குத் தரப்பு அதை ‘புல் ரன்’ சண்டை என்று அழைத்தது. சின்ன வயதில் இதைப் படித்து, காளைகள் எதற்காகவோ ஓடிய இடம் என்று நினைத்திருந்தேன். அங்கே காளை ஏதும் ஓடவில்லை. அந்த வட்டாரத்தில் சிற்றாற்றுக்குப் பெயரே ‘ரன்’. காளை ஓடை, அவ்வளவுதான். ஓடுவதால் நமக்கு அது ஓடை. ‘ரன்’ ஆவதால் அவர்களுக்கு அது ‘ரன்’. ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு மொழிகள் ஒரு சின்ன நீரோட்டத்தின் கரையில் நின்று ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இன்னும் பாருங்கள். மூக்கு ‘ரன்’ ஆகிறது. நமக்கும் ஒழுகும், ஓடும். நாடகம் ‘ரன்’ ஆகிறது; லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ 1952 நவம்பரில் தொடங்கி, கொரோனாவுக்காக ஒருமுறை நின்றது தவிர, ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் ‘ஹரிதாஸ்’ படம் 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி ஓடியது. வயிறு கெட்டால் ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் ‘தி ரன்ஸ்’ என்பார்கள். தமிழ்நாட்டில் நாம் பேதி, வயிற்றுப்போக்கு என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது வயிற்றோட்டம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் கிரிக்கெட்டிலும் ‘ரன்’ என்று எழுதாமல் ஓட்டங்கள் என்று எழுதுகின்றன.

கிரிக்கெட்டில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்தது தனிக் கதை. ஆரம்ப காலத்தில் எடுத்ததை எண்ண ஒருவர் குச்சியும் கத்தியுமாக உட்கார்ந்திருப்பார். மட்டையாளர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடி முடித்தால் குச்சியில் ஒரு வெட்டு. அதனால் அணி எடுத்தது இத்தனை ‘வெட்டு’ என்றே பேச்சு. பிறகு காகிதம் வந்தது, குச்சி போனது, ஓடிய செயலின் பெயரே கணக்கின் பெயராயிற்று. அதற்கும் பிறகு, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தால் ஓடவே வேண்டாம், ஆறு கொடுத்துவிடலாம் என்று ஆனது. இன்று மட்டையை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று ஒருவர் எடுக்கும் ஆறும் ‘ரன்’தான். ஓட்டத்திலிருந்து பிறந்த சொல் ஓட்டத்தையே விட்டுவிட்டது.

வங்கியில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒரு வங்கி முழுகப் போகிறது என்று வதந்தி கிளம்பி, போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் போவதை ‘பேங்க் ரன்’ என்பார்கள். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக்கு அது நடந்தது. அந்நாட்டில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பார்க்காத காட்சி என்றார்கள். புகைப்படங்களைப் பார்த்தால் ஒருவரும் ஓடவில்லை. கையில் பையோடும், சிலர் மடக்கு நாற்காலியோடும், நடைபாதையில் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். ஆங்கிலேயர் ஓடுவதென்றாலும் கியூவில் நின்றுதான் ஓடுவார்கள் போல. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க உத்தரவுகள் பறந்தபோது அந்த வரிசைகூட இல்லை. பெரும்பாலானோர் கைப்பேசியையும் கணினியையும் தட்டினார்கள். அதற்கும் பெயர் ‘ரன்’.

ஆக, காலும் போய், வேகமும் போய், இடப்பெயர்ச்சியும் போன பிறகு இந்தச் சொல்லில் மிஞ்சுவது என்ன? வீட்டு உத்தரத்தைப் பார்த்தால் போதும். மின்விசிறி ஓடுகிறது. 20 வருடமாக ஓடுகிறது, ஓரங்குலம் நகர்ந்ததில்லை. ஆனாலும் அதை ஓடுகிறது என்று சொல்ல நாம் தயங்குவதே இல்லை. கிளம்பிய ஒன்று, நடுவில் யாரும் தள்ளாமலே, தன் போக்கில் தொடர்ந்துகொண்டிருந்தால் அது ஓட்டம். நீராவி இயந்திரம், ரயில், மோட்டார், கணினி நிரல் எல்லாம் வரிசையாக வந்தபோது ஆங்கிலம் புதுச்சொல் தேடவில்லை. ஓடைக்கு வைத்திருந்ததையே எடுத்து மாட்டியது.

வேலி விஷயம் இருக்கிறதே, அதுதான் பையனை அதிகம் குழப்பியது. வேலி தொடர்வதுகூட இல்லை, சும்மா நிற்கிறது. அது எப்படி வயலோரமாக ஓடும்? நாமும்தான் சுவரில் விரிசல் ஓடியிருக்கு என்கிறோம், அவள் நெற்றியில் பச்சை நரம்பு ஓடும் என்கிறோம். லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இதற்குக் கற்பனை இயக்கம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஓடுவது வேலி அல்ல, அதைப் பார்க்கிற கண். அல்லது மனத்துக்குள் அதன் வழியே நடக்கும் நாம்.

அழகாகச் சொன்னார், நிஜமா என்று எப்படிச் சோதிப்பது? டீனி மாட்லாக் என்ற உளவியலாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்களை உட்கார வைத்து ஒரு சின்னக் கதை படிக்கச் சொன்னார். சிலருக்கு வந்த கதையில் ஒருவர் ஒரு நிலப்பரப்பை வேகமாகக் கடக்கிறார். மற்றவர்களுக்கு வந்த கதையில் அதே பரப்பை மெதுவாகக் கடக்கிறார். கதை முடிந்ததும் கடைசி வரியாக, சாலை அந்த வழியாகப் போகிறது என்ற மாதிரி ஒரு வாக்கியம். அது கதையோடு தொடர்புடையதா என்று முடிவு செய்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். வாக்கியம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். மெதுவாகப் போனவரின் கதையைப் படித்தவர்கள் அந்த வரிக்கும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். தூரம் கூடினாலும், தரை கரடுமுரடாக இருந்தாலும் அப்படியே. சாலை நகரவில்லை. படித்தவர்கள் உள்ளுக்குள் அதன்மேல் நடந்து போயிருக்கிறார்கள், கரடுமுரடான இடத்தில் கால் இடறியிருக்கிறார்கள்.

சரி, இத்தனை பொருளில் எது இப்போது வேண்டியது என்று மூளை எப்படி உடனே எடுக்கிறது? நாம் நினைப்பது, இடத்துக்குப் பொருந்துவது மட்டும் நினைவுக்கு வருகிறது என்று. 1979-இல் டேவிட் ஸ்வின்னி செய்த சோதனை வேறு கதை சொன்னது. அவர் எடுத்துக்கொண்டது ‘பக்’ என்ற சொல். பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல பூச்சிகள் என்று தெளிவாகப் போகும் வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டு, அந்தச் சொல் வந்த நொடியில் திரையில் வேறொரு சொல்லைக் காட்டினார். ‘எறும்பு’ என்று வந்தாலும் ஆட்கள் சட்டென்று அடையாளம் கண்டார்கள், ‘ஒற்றன்’ என்று வந்தாலும் அதே சட்டென்று. பூச்சிதான் என்று அத்தனை தெளிவாகத் தெரிந்தும் ஒட்டுக்கேட்கும் கருவியும் தலைக்குள் விழித்துக்கொண்டிருந்தது. மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்பு மட்டும் மிச்சம். எல்லாக் கதவும் ஒருசேரத் திறந்து, ஒரு விநாடிக்குள் வேண்டாதவை அடைத்துக்கொள்கின்றன. திறந்ததும் தெரியாது, அடைத்ததும் தெரியாது.

கணினிக்கு இந்தக் கதவடைப்பு வெகுகாலம் கைவரவில்லை. 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற அறிஞர், இயந்திரம் நல்ல மொழிபெயர்ப்பைத் தானே தரும் என்பது நடக்காத காரியம் என்று வாதிட, பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது என்ற சின்ன வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். குழந்தை தொலைத்த பொம்மைப் பெட்டியைப் பற்றிய பேச்சு. பேனாவுக்குள் பெட்டி போகாது, ஆகவே இங்கே ‘பென்’ என்பது குழந்தையை விளையாட விடும் கம்பி அடைப்பு என்று நமக்குத் தெரியும். பேனா எவ்வளவு பெரிது, பெட்டி எவ்வளவு பெரிது என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது என்பது அவர் கேள்வி. இன்றைய மொழிபெயர்ப்பு நிரல்கள் கோடிக்கணக்கான வாக்கியங்களில் எந்தச் சொல் எதன் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன.

இவ்வளவு தொல்லை எதற்கு, பொருளுக்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 1945-இல் ஜார்ஜ் ஸிப்ஃப் கணக்குப் போட்டுப் பார்த்தார்: எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதற்குப் பொருளும் அதிகம், அதுவும் புழக்கத்தின் வர்க்கமூல அளவில். நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள். அதிகம் புழங்குவதெல்லாம் குட்டைச் சொல்லாகவும் இருக்கும். ஸ்டீவன் பியான்டடோசியும் கூட்டாளிகளும் 2012-இல் இதையே திருப்பிக் கேட்டார்கள். இடமும் சூழலும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும்போது, வாய்க்குச் சுலபமான சின்னச் சொல்லை நூறு வேலைக்கு வைத்துக்கொள்வதுதானே சிக்கனம்? எனக்கு இது சரி என்றே படுகிறது. 645 தனிச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட ஒன்றை 645 இடத்தில் போட்டுப் பார்ப்பது மேல். வீட்டில் ஒரே கத்தி காயும் நறுக்கும், மாங்காயும் பிளக்கும், பார்சல் கயிறும் அறுக்கும்.

ஆனால் எந்த மொழி எந்தக் கத்தியை எடுக்கும் என்பதற்கு மட்டும் விதி கிடையாது. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நம்மூரில் நிற்கிறார். காய்ச்சல் அங்கே ஓடும், இங்கே அடிக்கும். வெயிலும் காற்றும் போனும் லாட்டரியும் அடிக்கிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஹோட்டல் வாக்கியம்தான். ஆங்கிலேயர் ஹோட்டலை ஓட வைக்கிறார். நாமோ நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். கடை, பள்ளி, பத்திரிகை, கூட்டம், ஆட்சி, கல்யாணம் எல்லாம் நம்மிடம் நடைதான். ஓட்டுவதும் உண்டு, ஆனால் தொனி வேறு. “அவர் ஹோட்டல் நடத்துறார்” என்றால் முதலாளி. “ஏதோ ஹோட்டலை ஓட்டிட்டிருக்கார்” என்றால் வாடகை பாக்கி. “எப்படியோ குடும்பத்தை ஓட்டுறேன்” என்று சொல்கிறவரிடம் யாரும் கடன் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எவ்வளவு தேடினாலும் அந்த ‘ரன்’னில் இந்தப் பெருமூச்சு கிடைக்காது.

பையன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ‘அவள் தொட்டியில் தண்ணீர் பிடித்தாள்’ என்று எழுதச் சொன்னேன். காகிதம் நைந்த இடத்தைத் தவிர்த்து, கீழ் வரியில் நிதானமாக எழுதினான். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு எழுதியதைப் பார்த்தான்.

“தண்ணிய எப்படி மாமா பிடிக்க முடியும்? பிடிச்சா கையில நிக்காதே, ஓடிருமே!”